வரலாற்று ஆவணங்கள் எவருக்காக?

சர்வதேச விவகாரங்களை ஆராயும் நிறுவனங்கள் தமது பழைய ஆவணங்களை இலத்திரனியல் வடிவில் இணையத்தில் சேர்த்து வருகின்றமை வரலாற்றாய்வாளர்களுக்குக் கிடைத்துள்ள பெரும் வாய்ப்பாகும். ஆயினும் அவ்வாய்ப்பு அனைவருக்கும் சமமாகக் கிட்டுகின்றதா என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வியாகும்.

1920 இல் இலண்டனில் நிறுவப்பட்ட 'சதம் ஹவுஸ்' ஆய்வு நிறுவனத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். இரண்டாவது வட்டமேசை மாநாட்டிற்காக 1931 இல் இலண்டன் சென்றிருந்த மகாத்மா காந்தி, இந்தியாவின் எதிர்காலம் குறித்து அங்கு உரையாற்றினார். பிரித்தானிய ஆட்சியில் இந்தியாவின் எழுத்தறிவு வீழ்ச்சியுற்றது என்ற அவரது கூற்றை, கல்வியாளர் பிலிப் ஹார்ட்டொக் மறுத்துரைத்தார். அன்று தொடங்கிய விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. இத்தகைய உரைகளும் ஆய்வறிக்கைகளும் அடங்கிய 1920 முதல் 1979 வரையான ஆவணத் தொகுப்பு இன்று இணையத்தில் உள்ளது. ஆனால், கேல் என்ற வெளியீட்டு நிறுவனத்திற்குச் சந்தா செலுத்தும் நூலகங்களின் வாசகர்களே அதனைப் பயன்படுத்த முடியும். எந்த நாடுகளின் தலைவிதி அம்மண்டபங்களில் பேசப்பட்டதோ, அந்நாடுகளின் வறிய பல்கலைக்கழகங்களுக்கு அச்சந்தா பெருஞ்சுமையாகும்.

இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. 1861 முதல் வெளிவரும் அமெரிக்க வெளியுறவு ஆவணத் தொகுதிகளை இராஜாங்கத் திணைக்களம் இணையத்தில் இலவசமாக வழங்குகின்றது. 1952 இல் இலங்கை சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்-அரிசி உடன்படிக்கையை வாஷிங்டன் எவ்வாறு நோக்கியது என்பதை நமது மாணவர்கள் இங்கிருந்தே அறியலாம்.

எனினும், இலவசம் என்பதனால் மட்டும் பாதுகாப்பு உறுதியாகிவிடாது. பனிப்போர்கால ஆவணங்களை இலவசமாக வழங்கிவந்த வாஷிங்டனின் வில்சன் நிலையத்தை, சட்டம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த அளவிற்குச் சுருக்குமாறு 2025 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி உத்தரவிட்டார். ஒரே கையொப்பம் ஓர் ஆவணக் களஞ்சியத்தின் எதிர்காலத்தைக் கேள்விக்குறியாக்கிவிடும் என்பதை இது உணர்த்துகின்றது. நூலகமொன்று எரிந்ததைக் கண்ட சமூகத்திற்கு இதனை விளக்கத் தேவையில்லை.

எனவே, யாழ்ப்பாணம், பேராதனை, தென்கிழக்கு உள்ளிட்ட நமது பல்கலைக்கழகங்கள் தனித்தனியே முயலாது, ஒன்றிணைந்து நாடளாவிய சந்தா ஒன்றுக்குப் பேச்சு நடத்துவது அவசியமாகும். இலவச ஆவணங்களின் பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பேணவும் ஏற்பாடு வேண்டும். இவற்றைத் தாமதித்தால், நமது வரலாற்றை எழுதும் பொறுப்பு, ஆவணங்களை விலை கொடுத்து வாங்கக் கூடியவர்களின் கைகளிலேயே தங்கிவிடும் என்பதை உயர்கல்வி அதிகாரிகளுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.