மோகினிக்கு ஒரு நீதி! திருநங்கைக்கு ஒரு நீதியா?

கள்ளக்குறிச்சி ஜில்லா உளுந்தூர்ப்பேட்டைக்கு அடுத்த கூவாகத்தில் வருஷந்தோறும் சித்திரையில் கூத்தாண்டவர் உற்சவம் நடப்பது தோழர்கள் அறிந்ததேயாகும். பலியாகப் போகும் அரவானுக்காகக் கிருஷ்ணன் மோகினி வேஷம் கொண்டு மனைவியானான் என்பது கதை. அக்கதையின்படி திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளுகிறார்கள். மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி அழுகிறார்கள்.

அதே மோகினிக்கும் சிவனுக்கும் ஐயப்பன் என்றொரு பிள்ளை பிறந்ததாகவும் புராணம் சொல்லுகிறது. அப்பிள்ளைக்கு மாலை போட்டு மலையேறுகிறவர்கள் எத்தனை லட்சம் பேர்! இரண்டு ஆண் கடவுள்களுக்குப் பிறந்த பிள்ளை கெட்டுப்போகாதா என்று எந்தப் பக்தராவது கேட்டதுண்டா?

ஆனால் ரத்தமும் சதையுமாய் நம் தெருவில் வாழும் திருநங்கையோ, திருநம்பியோ, ஆண் பெண் என்ற இரண்டிலும் நான் அடங்கேன் என்பவரோ ஒரு குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினால் மாத்திரம் ஊர் ஒழுக்கம் கெட்டுவிடுகிறதாம்! ஒரு நாள் மனைவியாக்க மதத்தில் இடமுண்டு. மறுநாள் விதவையாக்கவும் இடமுண்டு. பெற்றோராவதற்கு மாத்திரம் இடமில்லை. இதைவிடப் பெரிய புரட்டு வேறென்ன?

நிற்க. 2023 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் சஹாத் என்னும் திருநம்பி ஒரு குழந்தையைப் பெற்றெடுத்தார். அவரும் சியா பாவல் என்னும் திருநங்கையும், பிறப்புச் சான்றிதழில் தாய், தகப்பன் என்று பிரிக்காமல் இருவரையும் "பெற்றோர்" என்றே எழுதும்படி கேட்டார்கள். பெற்றவர் ஆணாக வாழுகிறவராதலால், நாளைக்குப் பள்ளிக்கூடத்திலும் உத்தியோகத்திலும் குழந்தைக்குத் தொல்லை நேரக்கூடாதென்பதே அவர்கள் கவலை. அதிகாரிகள் இணங்கவில்லை. 2025 ஜூனில் கேரள ஹைகோர்ட்டார் அவ்விதமே எழுதிக்கொடுக்க உத்தரவிட்டார்கள். நம் தமிழிலோ பெற்றோர் என்ற சொல்லில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. குழந்தை என்ற சொல்லும் அப்படியே. பாஷைக்கு உள்ள விசாலம் பாரத்துக்கு ஏன் இருக்கக்கூடாது?

2014-ல் சுப்ரீம் கோர்ட்டார் மூன்றாம் பாலினத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆயினும் 1956-ம் வருஷத்து இந்து சுவீகாரச் சட்டம் "ஆண் இந்து", "பெண் இந்து" என்ற இருவரைப் பற்றியே பேசுகிறது. எச்.ஐ.வி. கண்ட குழந்தைகளைப் பிறர் தொடவும் அஞ்சிய காலத்தில், சென்னையில் இல்லம் வைத்து வளர்க்க முன்வந்தவர் நூரி என்ற திருநங்கை என்பதை இச்சட்டக்காரர்கள் யோசிக்க வேண்டாமா?

இரண்டு வயதுக் குழந்தைக்கு வேண்டியதென்ன? பசித்தால் சோறு, பயந்தால் ஒரு தோள், ஜுரம் வந்தால் தூங்காத இரண்டு கண்கள். தன்னை வளர்ப்பவரின் கழுத்தைக் கட்டிக்கொள்ளுமுன் அது ஆணா பெண்ணா என்று விசாரிக்கிறதா? ஜாதியைப் போலவே இதையும் அதற்குக் கற்பிக்கிறவர்கள் நாம்தான்.

"பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்களே" என்று சிலர் பரிதாபப்படுகிறார்கள். விதவை மறுமணத்தில் பிறந்த குழந்தைகளையும், ஜாதி கலந்த மணத்துக் குழந்தைகளையும் இதே பரிதாபம் காட்டித்தான் தடுக்கப் பார்த்தார்கள். நமது சுயமரியாதைத் திருமணங்களே 1967-ம் வருஷத்துச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகல்லவா செல்லுபடியாயின? அதுவரை நம் குழந்தைகளையும் முறை தவறிப் பிறந்தவர்கள் என்றவர்கள் இந்நாட்டில் இல்லையா? கேலி செய்கிறவனைத் திருத்துவதா, அன்பு செய்கிறவரிடமிருந்து குழந்தையைப் பிடுங்குவதா?

ஆகவே தோழர்களே! கள்ளக்குறிச்சி டவுனானாலும் கல்வராயன் மலைக் கிராமமானாலும், அப்படிப்பட்ட ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தால், "நீ ஆணா, பெண்ணா?" என்று கேளாதீர்கள். "குழந்தையின் பெயரென்ன?" என்று கேளுங்கள். மனிதத் தன்மைக்கு அது போதும்.