பிரித்து எழுதுக!

தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பலரும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. "அப்பா, இந்த இலக்கணம் எனக்கு எதற்கு?" பதின்மூன்று, பதினான்கு வயதில் இவ்வினா பிறக்கின்றது. வார நாட்களில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பயிலும் பிள்ளைக்கு, விடுமுறை நாளில் 'பிரித்து எழுதுக' என்னும் பயிற்சி சுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. "அது நம் தாய்மொழி" என்னும் விடை உண்மையே. ஆயினும், அவ்விடை ஒன்றினால் மட்டும் அப்பிள்ளை அடுத்த ஆண்டும் வகுப்பில் அமர்ந்திருக்கும் என்று நாம் எண்ணிவிட முடியாது.

கணனி மொழி ஒன்றை உருவாக்கிப் பார்த்தவர் வேறொரு விடையும் கூறுவர். நாம் எழுதும் நிரலைக் கணனி நேரடியாக அறியாது. நிரல் முழுவதையும் முன்னரே இயந்திரக் கட்டளைகளாகப் பெயர்த்துத் தருவது கொம்பைலர் எனப்படும் தொகுப்பான். நிரலைப் படித்துப் பொருள் கண்டு அப்போதைக்கப்போதே நடத்துவது இன்ரர்பிரிட்டர் எனப்படும் மொழிமாற்றி. இரண்டுக்கும் முதற்பணிகள் ஒன்றே. தொடர்ந்து வரும் எழுத்துகளைச் சொற்களாகப் பிரித்தல் முதலாவது. அச்சொற்களுள் எது எதனோடு இயைகின்றது எனக் காணுதல் இரண்டாவது. அவ்வியைபின்படி பொருள் கொள்ளுதல் மூன்றாவது.

முதலாவது நம் வகுப்பின் 'பிரித்து எழுதுக' அன்றோ? இரண்டாவது எழுவாய், பயனிலை காணும் பயிற்சி. 'பழைய புத்தகக் கடை' என்னும்போது பழையது புத்தகமா, கடையா? 2 + 3 × 4 என்பதற்கு 20 என்று விடை கூறும் கணனிக்கும் இதே மயக்கந்தான். பெருக்கல் முன்னர் இயைய வேண்டும் என்னும் இலக்கண விதியை நாம் எழுதிக் கொடுத்த பின்னரே அது 14 என்கின்றது.

இக்கலையைக் கற்பதற்குப் பல்கலைக்கழகம் புகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அல்பிரட் ஆகோ, ரவி சேத்தி, ஜெப்ரி உல்மன் ஆகிய மூவர் எழுதி 1986 இல் வெளிவந்த பெருநூல், தன் அட்டைப் படத்தால் 'டிராகன் நூல்' எனப் பெயர் பெற்றது. அதனை இளமையில் ஆவலோடு வாங்கிய நான் மூன்றாம் அத்தியாயத்தில் மூடி வைத்தேன். குறை நூலினுடையதன்று, நான் படித்தேனேயன்றி எதனையும் கட்டிப் பார்க்கவில்லை. இன்று தொடங்குவோருக்கு எளிய வழி உண்டு. ரொபேட் நைஸ்ட்ரம் 2021 இல் வெளியிட்ட 'கிராஃப்டிங் இன்ரர்பிரிட்டர்ஸ்' என்னும் நூல், லொக்ஸ் என்னும் சிறு மொழியை முதலில் ஜாவாவிலும் பின்னர் சி மொழியிலும் இருமுறை கட்டிக் காட்டுகின்றது. இணையத்தில் அதனை இலவசமாகவே படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரியையும் பிள்ளை தன் கையால் எழுத வேண்டும்.

அங்கேதான் தமிழ் படித்த பிள்ளைக்குச் சுவையான பணி காத்திருக்கின்றது. அந்நூலின்படி கட்டிய மொழியில் 'வயது' என்று ஒரு பெயர் வைத்தால் அது பிழையென்று தள்ளிவிடும். தமிழ் எழுத்தை அது அறியாது. அதனைத் திருத்தப் புகுந்தால் புதுமையொன்று புலப்படும். 'க்' என்னும் மெய்யோடு 'அ' சேர்ந்து 'க' ஆகும் என்பது நாம் கற்ற இலக்கணம். கணனியின் யூனிகோட் முறையிலோ 'க' முதலில் நிற்கின்றது; அதனோடு புள்ளி சேர்ந்தே 'க்' ஆகின்றது. உயிர்மெய்யை அறியாத எவரும் இத்திருத்தத்தைச் செம்மையாகச் செய்தல் அரிது.

இவ்வழியில் முன்னரே நடந்தவர் உளர். அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை, பைதன் மொழியைக் கொண்டு 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கி, 2013 இல் அதுபற்றிய ஆய்வுக் கட்டுரையையும் வெளியிட்டார். ஆங்கில நிரலில் 'இஃப்' முதலில் வரும். எழிலிலோ நிபந்தனை முன்னே நிற்க, 'ஆனால்' பின்னே வருகின்றது. இது நம் தமிழின் நடை. எனினும் 'பதிப்பி' என்னும் ஏவல் அதில் முதலிலேயே வருகின்றது. வினை இறுதியில் வருதலன்றோ தமிழ் மரபு என்று ஒரு மாணவர் வினவலாம். வினவட்டும், தாம் கட்டும் மொழியில் மாற்றியும் பார்க்கட்டும். அத்தகைய வினாவே நாம் வேண்டுவது.

"உலகம் ஆங்கிலச் சொற்களில் நிரல் எழுதும்போது இதனால் என்ன பயன்?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தமிழ் நிரல்மொழியால் தொழில் கிடைக்கும் என்று நான் கூறவில்லை. பிரான்சிலும் 1970களில் பள்ளிகளுக்காக எல்.எஸ்.ஈ. என்னும் மொழி பிரெஞ்சுச் சொற்களால் ஆக்கப்பட்டது. அது உலகை ஆளவில்லை. ஆயினும் ஒரு மொழியைக் கட்டியவர், எம்மொழியையும் விரைவில் கற்பார். "நிரலை இன்று செயற்கை நுண்ணறிவே எழுதுகின்றதே" என்பாரும் உளர். எழுதட்டும். எழுதியது சரியா என்று தீர்ப்பவர் யார்? பிரித்துப் பொருள் காணத் தெரிந்தவரே. நம் மொன்றியலிலேயே மக்கில் பல்கலைக்கழகத்தில் 'சூட்' என்னும் தொகுப்பான் கருவியும், மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 'கம்பிற்' என்னும் தொகுப்பானும் வளர்க்கப்பட்டன. இக்கலை நமக்குத் தொலைவிலன்று.

ஆதலின் ஒன்று வேண்டுகின்றேன். மேல்வகுப்பு மாணவர் நால்வர் போதும். புவாண்ட்-கிளேர் பொது நூலகத்தில் ஒரு மேசை போதும். கூட்டலும் பெருக்கலும் அறிந்த, 'ஆனால்', 'இல்லை' என்னும் இரு சொற்கள் கொண்ட சிறு மொழியொன்றை ஓராண்டில் கட்டுவோம். அடுத்த விழா மேடையில் அம்மொழி தவறின்றி 14 என்று விடை கூறட்டும். அன்று "இந்த இலக்கணம் எதற்கு?" என்று கேட்கும் தம்பிக்கும் தங்கைக்கும், அந்த நால்வரே விடை கூறுவர்.