விமான நிலையத்தோடு பொறுப்பு முடிஞ்சு போச்சா?

போன வாரம் மகளோட பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க ஃபைலை எடுத்து வைத்தேன். "அம்மா, இந்தப் பேப்பரெல்லாம் இல்லேன்னா நான் யாரு?" என்று விளையாட்டாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் ஆடம் க்ராப்சரின் கதையைப் படித்து முடித்திருந்தேன்.

1979-ல், மூன்று வயதில், தென் கொரியாவிலிருந்து அக்காவோடு அமெரிக்காவுக்குத் தத்துப் போனவர் அவர். அனுப்பி வைத்தது ஹோல்ட் என்ற தத்து நிறுவனம். சில வருடங்களில் முதல் குடும்பம் இரண்டு பேரையும் கைவிட்டது. அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அடுத்து அமைந்த வளர்ப்புப் பெற்றோர் அடித்து வதைத்தார்கள். பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தியதற்காக நீதிமன்றம் பின்னால் அவர்களைத் தண்டித்தது.

அந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பையன், திரும்ப உள்ளே புகுந்ததற்காகச் சிறைக்குப் போனான். எதை எடுக்கப் போனான் தெரியுமா? கொரியாவிலிருந்து தன்னோடு வந்த பைபிளையும் ரப்பர் ஷூவையும்.

இத்தனை நடந்தும், அவருக்குக் குடியுரிமை வாங்கித் தர எந்தப் பெற்றோரும் மெனக்கெடவில்லை. தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை தரும் சட்டம் அமெரிக்காவில் 2001 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஆனால் அன்று 18 வயதைத் தாண்டாதவர்களுக்குத்தான். அவர் தாண்டியிருந்தார். கிரீன் கார்டு கேட்டுப் போனபோது பழைய வழக்குகள் வெளியே வந்தன. 2016-ல் நாடு கடத்திவிட்டார்கள். மொழி தெரியாத சொந்த ஊர். மனைவியும் பிள்ளைகளும் அமெரிக்காவில்.

2019-ல் ஹோல்ட் மீதும் கொரிய அரசின் மீதும் வழக்குப் போட்டார். தாய் இருந்தும் அநாதை என்று காகிதம் தயாரித்தார்கள், அனுப்பிய பிறகு திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவர் வாதம். 2023 மே மாதம் சோல் நீதிமன்றம், ஹோல்ட் 10 கோடி வோன் தர வேண்டும் என்றது. குடியுரிமை கிடைக்க வேண்டியதைச் செய்யும்படி பெற்றோருக்குச் சொல்லவில்லை, கிடைத்ததா என்றும் பார்க்கவில்லை என்பதே காரணம். அரசுக்குப் பொறுப்பில்லை என்றது. 2025 ஜனவரியில் மேல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தையும் விடுவித்துவிட்டது.

கவனிச்சீங்களா? பணம் தரச் சொன்ன அந்த ஒரே தீர்ப்பும் நின்றது ஒரு காகிதத்தின் மேல்தான். அவர் வாங்கிய அடியின் மேல் இல்லை. பிள்ளை பட்ட வேதனையைச் சொன்னால் நாம் அழுவோம். நீதிமன்றம் கேட்பது வேறு: அப்போது பார்க்க வேண்டியவர் யார்? அவர் பார்த்தாரா? அதற்கு எழுத்தில் என்ன இருக்கு?

நம்ம குடும்பங்களிலும் தத்தெடுப்பு உண்டு. ஊரிலிருந்து அக்கா பிள்ளையைக் கூட்டி வந்து வளர்ப்பதும் உண்டு. பொறுப்பாளர் ஆவது வேறு, தத்தெடுப்பது வேறு, குடியுரிமை வேறு. ஒன்று முடிந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். ஏஜென்சியிடமிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

தெரிந்தவர் வீட்டில் தத்துப் பிள்ளை இருந்தால் அடிக்கடி போய் வாருங்கள். "எப்படிக் கண்ணு இருக்கே?" என்று தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். வழக்கு போடும் நாள் வருகிறதென்றால், கேட்க வேண்டியவர்கள் யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்?