தூண்டிலும் தூண்டில் வளைவும்

அம்பத்தூரிலிருந்து ஒரு தாயார் மடல் எழுதியிருக்கிறார். தொழிற்பேட்டையில் பணியாற்றும் அவருடைய மகன், ஞாயிறு முதல் திருப்பலி முடிந்த கையோடு தூண்டிற்கோலையும் பையையும் எடுத்துக்கொண்டு மின்சார வண்டியேறிக் கடலுக்குப் போய்விடுகிறானாம். மாலையில் சில நாள் நான்கைந்து மீன், பல நாள் வெறுங்கை. "போகிற செலவுக்கு மார்க்கெட்டிலேயே நல்ல மீன் வாங்கலாமே! இதைத் தடுப்பதா, விடுவதா? கடல் என்றாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது" என்று கேட்கிறார்.

அம்மையீர், கணக்குப் பார்த்தால் தாங்கள் சொல்வதே சரி. ஆனால், வேலை நாள் முழுதும் இயந்திர இரைச்சலில் நிற்கும் இளைஞன் ஒருவன், அரை நாள் அசையாமல் அமர்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்பினால், அதைத் தீய பழக்கம் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆகவே, தடுக்க வேண்டா. அதே வேளையில், தங்கள் அச்சத்தில் பாதிக்குமேல் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைத் தங்கள் மகனும், அவனைப் போலவே ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் கடலை நோக்கிப் புறப்படும் மற்றப் பிள்ளைகளும் அறிந்துகொள்ள வேண்டும். இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

நம் புறநகர்ப் பிள்ளைகளுக்குத் தூண்டில் புதிதன்று. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் என்று சுற்றிலும் நீர்நிலைகள். ஒரு மூங்கிற்கழி, சிறிது நரம்பு, ஒரு தக்கை, ஈர மண்ணைக் கிளறினால் கிடைக்கும் புழு. இவ்வளவும் இருந்தால் கெளுத்தியோ சிலேபியோ வீடு வந்து சேரும். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் உயர்பதவி வகித்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், இந்திய நாட்டுத் தூண்டில்முறை பற்றி 1873இல் ஒரு பெருநூல் எழுதினார். அது போதாதென்று, ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி மட்டுமே 1887இல் மற்றொரு நூலையும் எழுதினார். அவ்வளவு செய்தி ஏரியிலேயே இருக்கிறது!

ஆனால் ஏரியில் கற்றது கடலில் பாதிதான் செல்லும். ஏரிநீர் நிற்கும், கடல்நீர் நில்லாது. சென்னைக் கரையில் நாள்தோறும் இருமுறை நீர் ஏறி, இருமுறை வற்றுகிறது. உயர வேறுபாடு பெருநீர் நாள்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டரே. எனினும், எண்ணூர் போன்ற கழிமுகங்களில் அந்த ஒரு மீட்டர் நீர் உள்ளே புகுந்து வெளியேறும்போது வலுவான ஓட்டம் பிறக்கிறது. சிறு மீன்கள் அந்த ஓட்டத்தோடு அடித்து வரப்படுகின்றன. அவற்றைத் தின்னக் கொடுவாவும் பாறையும் செப்பிலியும் ஓரங்களில் காத்து நிற்கின்றன. நீர் அசையாதிருக்கும் இடைவேளையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பயன் குறைவுதான். கைக்கடிகாரத்தை விட்டுவிட்டு நீரைப் பார்க்கப் பழகுவதே முதற்பாடம்.

இரண்டாவது பாடம் நரம்பைப் பற்றியது. இப்போது இளைஞர் விரும்புவது இலேசான தூண்டில்: மெல்லிய கோல், சிறிய ரீல், நைந்த நூல்போல் தோன்றும் நரம்பு. ஐந்து கிலோ தாங்கும் நரம்பு என்று உறையில் அச்சிட்டிருந்தால், ஐந்து கிலோ மீனைக் கட்டித் தூக்கலாம் என்பது பொருளன்று. மீன் வெட்டி இழுக்கும் அந்த நொடியில் இரண்டு கிலோ மீனே அதனை அறுத்துவிடும். ஆதலால்தான் ரீலில் டிராக் என்னும் தடை வைத்திருக்கிறார்கள். நரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு இழுப்பு வந்தவுடன் நரம்பு நழுவி ஓடுமாறு அதைத் திருகி வைக்க வேண்டும். ஐந்து கிலோ நரம்புக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரை. வில்தராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். மீன் ஓடும்போது விட்டுக்கொடுப்பதும், அது களைக்கும்போது மெல்லச் சுற்றுவதும், வளைந்த கோலை வில்லைப்போல் வேலை செய்ய விடுவதுமே இக்கலையின் முழு இரகசியம். முடிச்சை இறுக்குமுன் அதனை எச்சிலால் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்து உராய்ந்தால் சூடேறி நைலான் வலுவிழக்கும். பெரும்பாலும் மீன் தப்புவது முடிச்சில்தான். 1939இல் அமெரிக்காவில் தோன்றிய அனைத்துலகத் தூண்டில் மீன்பிடிச் சங்கம், சாதனைகளைப் பதிவுசெய்யும்போது மீனின் எடையோடு நரம்பின் வலிமையையும் சேர்த்தே கணக்கிடுகிறது. மெல்லிய நரம்பில் பெரிய மீன் என்பதற்குத்தான் அங்கே மதிப்பு.

இவையெல்லாம் கடையில் விற்கும் கருவியின் பாடங்கள். இவற்றைக் கருவியே இல்லாமல் அறிந்தவர்கள் நம் கரையோரத்தில் இருக்கிறார்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் கோவளத்திலும் கைத்தூண்டில் போடும் மீனவருக்குக் கோலுமில்லை, ரீலுமில்லை. ஆட்காட்டி விரலே அவருக்கு டிராக். நரம்பு விரல்மேல் ஓடும் விதத்திலிருந்து, கடித்தது சங்கராவா, களவாவா, அல்லது இரையைத் திருடும் பொடி மீனா என்று சொல்லிவிடுவார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லியே அழைப்பார். அவருடைய முன்னோர் ஏறிச்சென்ற கட்டுமரம் உலகத்துக்கே ஒரு சொல்லை ஈந்தது. ஆங்கிலத்தில் இன்று இரட்டை உடற்படகுகளைக் குறிக்கும் சொல் நம் கட்டுமரத்திலிருந்து சென்றதே. இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த அத்தெப்பத்தில் நீர் ஏறினாலும் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். ஆகையால் அது மூழ்காது. இன்று அதன் இடத்தை மோட்டார் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஆனால் விரலின் அறிவு மாறவில்லை. தங்கள் மகன் ஆயிரக்கணக்கில் செலவிட்டு ரீல் வாங்குமுன், இத்தகைய பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று மரியாதையாகக் கேட்டுப் பழகட்டும். அவர்கள் இடத்தில் நாம் விருந்தினர்; அவர்கள் விரித்த வலையின் குறுக்கே தூண்டில் வீசுவதும், படகு ஏறி இறங்கும் வழியில் கோலை நட்டுவைப்பதும் தகாது.

இல்லத்தரசிகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பெரிய இழுவலை கடலடியை வாரும்போது, உண்ணத் தகுந்த மீனோடு பொடிக் குஞ்சுகளும் நசுங்கி வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. தூண்டிலோ ஒரு நேரத்தில் ஒரு மீனைத்தான் கேட்கும். முள்ளின் அளவைக் கூட்டினால் குஞ்சு கடிக்கவும் இயலாது. சந்தையில் தூண்டில் மீன் என்று சொல்லிச் சற்றுக் கூடுதல் விலை கேட்டால், வாயோரத்தில் முள் தைத்த வடு இருக்கிறதா, செதில் உதிராமல் உடல் விறைப்பாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவ்விலையைக் கொடுத்து வாங்குங்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அந்நாள்களில் புதுமீனுக்குப் பெரிதும் சிறு படகுகளையும் தூண்டிலையுமே நாம் நம்பியிருக்கிறோம்.

ஆவடியிலிருந்து கடற்கரை நிலையம் செல்லும் வண்டி இராயபுரத்தைத் தாண்டித்தான் போகிறது. அப்பெயர் இராயப்பரால் வந்தது என்பர். படகோட்டிகள் எழுப்பிய அவருடைய ஆலயம் இன்றும் அங்கே இருக்கிறது. துறைமுகம் இல்லாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து அலைகளினூடே மக்களையும் சரக்கையும் கரைசேர்த்தவர்கள் அப்படகோட்டிகளே. நற்செய்தியில் வலை பலமுறை வருகிறது. தூண்டிலோ ஒரே ஒருமுறைதான். கோவில் வரி செலுத்த வேண்டிய வேளையில் தூண்டில் போடுமாறு பணிக்கப்பட்டவர் இந்த இராயப்பரே (மத்தேயு, 17ஆம் அதிகாரம்). வலைக்காரரைத் தூண்டில் போடச் சொன்னது அவருக்கே சற்று வியப்பாக இருந்திருக்கும்!

இனி, தாயாரின் அச்சத்துக்கு வருவோம். இராயபுரத்துக்கு வடக்கே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலுக்குள் நீண்டு கிடக்கும் கருங்கல் வரிசைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் தூண்டிலோடு நிற்பது பெரும்பாலும் அவற்றின்மேல்தான். அக்கற்கள் அங்கே வந்த கதை துறைமுகத்தோடு தொடங்குகிறது. சென்னைத் துறைமுகப் பணி 1870களில் தொடங்கி, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமற்போகவே, அலை கரையை அரித்துக் குடிசைகளையும் தெருக்களையும் விழுங்கியது. நாம் காற்று வாங்கும் மெரினா மணல், வடசென்னை மீனவர் இழந்த மணல் என்றே சொல்லலாம். மிஞ்சிய கரையைக் காக்கக் கொட்டப்பட்டவையே இக்கற்கள். இவற்றுக்கு அரசு ஏடுகளிலும் செய்தித்தாள்களிலும் வழங்கும் பெயர் 'தூண்டில் வளைவு'. பெயரில் தூண்டில் இருப்பதால் தூண்டிலுக்கு ஏற்ற இடம் என்று எண்ணிவிடக் கூடாது. அலையின் வேகத்தை உடைப்பதற்காகப் போட்ட கல்லின்மேல் நிற்பவன், அலை வந்து உடையும் இடத்தில் நிற்கிறான்.

அங்கே செல்வோர் முதற் கால்மணி நேரம் கோலை எடுக்காமல் கடலையே பார்க்க வேண்டும். பத்துச் சிற்றலைக்குப் பின் ஒரு பேரலை வருவது இயல்பு. அது எந்தக் கல்வரை நனைக்கிறதோ அதற்குக் கீழே இறங்குவது கூடாது. பாசி படிந்த கல்லில் வெறுங்கால் நில்லாது. முள் கல்லிடுக்கில் சிக்கினால் நரம்பை அறுத்துவிட வேண்டுமேயன்றி, பத்து ரூபாய் முள்ளுக்காகக் கீழே இறங்கக் கூடாது. தனியாகச் செல்லுதல், இருட்டிய பின் நிற்றல், கடலுக்கு முதுகு காட்டுதல் மூன்றும் விலக்கத் தக்கவை. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் உயரலை எச்சரிக்கை விடுக்கிறது. அது வந்த நாளில் ஏரிக்கரைக்கே போகலாம்.

வண்டியில் செல்வோருக்கு இன்னொன்று. இக்காலக் கோல்கள் கார்பன் இழையால் ஆனவை. மின்சாரம் அவற்றில் பாயும். நம் புறநகர்ப் பாதையின் மேற்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. நடைமேடையில் கோலை நிமிர்த்திப் பிடிப்பது உயிரோடு விளையாடுவதாகும். வீட்டிலிருந்து புறப்படும்போதே துண்டு துண்டாகக் கழற்றி உறையிலிடுக. இடி முழங்கும் வேளையிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

படகு ஏறுவதானால் மிதவைச் சட்டை இன்றி ஏறவே கூடாது. மகிமை மாதா திருத்தலத்துக்காக நம் பங்கு மக்கள் பலர் செல்லும் பழவேற்காட்டில், 2011 கிறிஸ்துமஸ் நாளன்று உல்லாசமாகப் படகேறிய குடும்பத்தினர் 20க்கும் மேற்பட்டோர் நீரில் மாண்டனர். அமைதியான ஏரிதானே என்று எண்ணியே ஏறியிருப்பார்கள். கடலோடு அது சேரும் முகத்துவாரம் ஏரியன்று.

பிடித்த மீனைச் சமைக்கும் தாய்மாருக்குச் சில குறிப்புகள். தொட்டதும் பந்துபோல் உப்பும் பேத்தை மீனை எக்காரணத்தாலும் அடுப்பேற்ற வேண்டா. அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கெளுத்தியோ திருக்கையோ முள்ளால் குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் அவ்விடத்தை அரைமணி நேரத்துக்கு மேல் அமிழ்த்தி வைத்து, பின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க. தூண்டில் முள் சதையில் ஆழப் புகுந்தால் பின்னோக்கி இழுத்துப் பறிக்காமல் மருத்துவரிடமே விடுக.

எண்ணூர்க் கழியில் பிடித்த மீனை உண்ணலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் நெடுங்காலமாக அங்கே சேர்ந்துவருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பரவி, கழிமுகம் கறுத்துப்போய், அங்குள்ள மீனவர் வலையும் படகும் பிழைப்பும் கெட்டு நின்றதை மறந்துவிட முடியாது. எம் கருத்து, கழிக்குள் பிடித்ததை உயிரோடு திரும்ப விட்டுவிடுவதே நன்று. திறந்த கடலில் பிடித்ததைக் கொண்டுவரலாம். கூவத்தைப் பற்றியோ நாம் வாய் திறக்கவே கூசவேண்டும். திருவேற்காட்டு வழியாக நம் பக்கத்துக் கழிவையும் ஏந்திக்கொண்டுதான் அது நேப்பியர் பாலத்தருகே கடலில் விழுகிறது.

குஞ்சு மீனை ஈரக்கையால் பிடித்து உடனே விடுதல் வேண்டும். உலர்ந்த கை அதன் மேற்பூச்சைக் கெடுத்துவிடும். அறுந்த நரம்பைக் கல்லில் விட்டு வரலாகாது. சனவரி முதல் மார்ச் வரை நம் கரைக்கு முட்டையிட வரும் கடலாமைகளின் துடுப்பில் அது சுற்றிக்கொண்டால் அவிழ்ப்பார் இல்லை.

பருவம் கேட்டால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பிப்ரவரி, மார்ச் மாத விடியற்காலைகள் ஏற்றவை. கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயற்காலம். கோலுக்கு எண்ணெயிட்டு மூலையில் வைக்கலாம். கடலிலிருந்து திரும்பிய அன்றே ரீலையும் முள்ளையும் நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். அந்த வேலையை மட்டும் தாயார் செய்துகொடுக்க வேண்டா, மகனே செய்யட்டும்.