ஊட்டுக்கலமும் நம் வாய்ப்பூட்டும்



சென்ற கிழமை பள்ளி விட்ட நேரத்தில், பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் செய்தித்தாள் துண்டொன்றை என்முன் நீட்டினான். “ஐயா, இது தமிழா?” என்றான். வாங்கிப் பார்த்தேன். “எல்.என்.ஜி. பங்கரிங் வெசல்” என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. “எழுத்துத் தமிழ், சொல் தமிழன்று” என்றேன். “அப்படியானால் தமிழில் என்ன ஐயா?” என்று கேட்டுவிட்டு அவன் நின்றான். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் எனக்கு அவ்வினாவிற்கு உடனே விடை சொல்ல வாய் எழவில்லை. நாளை சொல்கிறேன் என்று அவனை அனுப்பினேன். அன்றிரவு எனக்கு வந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

சங்கரன்கோயிலுக்குக் கடல் ஏது, கடற்கலம் பற்றி இவர்க்கென்ன கவலை என்று கேட்பாரும் உளர். இங்கே விசைத்தறியும் பூச்சந்தையும் உண்டு; கடல் இல்லை. மெய்தான். ஆனால் இம்மண்ணின் பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் போகுமிடம் தூத்துக்குடியும் எண்ணூரும் கொச்சியும் அன்றோ? கடலோடு நமக்குள்ள உறவு அவர்தம் கூலியால் ஏற்பட்டது.

முதலில் பொருளை அறிவோம்; பெயரைப் பின்பு பார்ப்போம். மீத்தேன் மிகுந்த இயற்கை எரிவளியைச் சுழிக்குக் கீழே 162 பாகை அளவிற்குக் குளிர்த்தினால் அது நீர்மமாகிவிடும். அறுநூறு பங்கு இடங்கொண்டிருந்தது ஏறத்தாழ ஒரு பங்காய்ச் சுருங்கும். நம் அடுப்படியில் நிற்கும் உருளைக்குள் இருப்பது இதுவன்று; அது கல்லெண்ணெய் வளி. அழுத்தத்தாலேயே நீர்மமாய் அடங்கி நிற்பது. அது கசிந்தால் காற்றைவிடக் கனத்ததாதலின் தரையோடு தரையாய்ப் படரும். இயற்கை எரிவளியோ கசிந்தவுடன் கடுங்குளிரால் வெண்முகிலாய்த் தாழ நின்று, சூடேறியபின் மேலெழும். ஒன்றற்குச் செய்யும் காப்பு மற்றொன்றற்குப் பொருந்தாது. நம் செய்தித்தாள்களோ இரண்டையும் “திரவ எரிவாயு” என்றே எழுதித் தள்ளுகின்றன. திரவமும் வாயுவும் வடசொற்கள் என்னும் குறையை விடுங்கள். இரு வேறு பொருளை ஒரே சொல்லில் கட்டிப்போட்டது அதனினும் பெரிய குறை.

கப்பல்கள் எரிக்கும் எண்ணெயில் கந்தகம் நூற்றுக்கு 0.5 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்னும் உலகக் கட்டுப்பாடு 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 3.5 பங்கு வரை விட்டிருந்தனர். இயற்கை எரிவளியில் கந்தகம் இல்லை எனும்படி மிகக் குறைவு. ஆகலின் பெருங்கப்பல்கள் பல இதற்கு மாறின. (இதனைத் தூய்மையின் தெய்வம் என்று நான் கும்பிடவில்லை. எரியாமல் நழுவும் மீத்தேன் இருபதாண்டுக் கணக்கில் கரியமிலவளியைப்போல் ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பம் பிடிப்பது. அவ்வழக்கை வேறொரு நாள் பேசுவோம்.) மாறிய கப்பலுக்கு இவ்வெரிபொருளை எங்ஙனம் கொடுப்பது? துறைமுகந்தோறும் குழாய் இல்லை. எனவே சிறு கப்பலொன்று வயிறு நிறைய எரிவளியோடு பெரிய கப்பலின் விலாவில் வந்து அணைகின்றது. இரண்டும் மோதாதபடி இடையே பெருமெத்தைகளைத் தொங்கவிடுகின்றனர், கயிறு கட்டுகின்றனர், குழாய் பூட்டுகின்றனர். எரியா வளியாகிய நைட்டிரசனைச் செலுத்திக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிய பின்னரே நீர்மம் பாய்கின்றது. கொதித்தெழும் ஆவி மற்றொரு குழாய்வழியே சிறு கப்பலுக்கே திரும்பும். அலை அடித்துக் கப்பல்கள் விலகினால், இணைப்புத் தானே கழன்று இருபுறமும் தானே அடைத்துக்கொள்ளும்.

2013-இல் சுவீடன் நாட்டுத் தலைநகர்த் துறையில், ஊர்தி ஏற்றிச் சென்ற பழைய கலம் ஒன்றை மாற்றியமைத்து இப்பணியைத் தொடங்கினர். இதற்கென்றே கட்டப்பட்ட 5,000 கன மீட்டர் கலமொன்று 2017-இல் பெல்சியத்துச் சீபுருகித் துறையில் பணி ஏற்றது. 2020-இல் இரோட்டர்டாமில், 400 மீட்டர் நீளமுள்ள பெட்டகக் கப்பலொன்றுக்கு 17,300 கன மீட்டர் எரிவளியை ஒரே முறையில் ஊட்டினர். ஊட்டிய கலத்தின் நீளமோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். கன்று தாயினும் பெரிதாய் நின்று பால் குடித்த காட்சி என்க!

இங்கேதான் எனக்குச் சொல் கிடைத்தது. அதனைச் சொல்லுமுன், இச்சொல்லுக்காக நான் ஏன் இத்துணைப் பதைக்கின்றேன் என்பதைக் கூறிவிடுகின்றேன்.

என்னிடம் பயின்ற பையன் ஒருவன் துறைமுகம் ஒன்றன் எரிவளிக் கிடங்கில் குழாய் பொருத்தும் ஒப்பந்தத் தொழிலாளியாய் இருந்தான். எந்தத் துறைமுகம், எவர் ஒப்பந்தம் என்பன இங்கு வேண்டா. பணியில் சேர்ந்தபோது மூன்று நாள் பயிற்சி நடந்ததாம். பாதி ஆங்கிலம், மீதி இந்தி. முடிவில் “எல்லாம் விளங்கிற்று” என்னும் தாளில் கையெழுத்து வாங்கினராம். அத்தாளும் ஆங்கிலம். மூன்றாம் கிழமை, இவனோடு பணிசெய்த மற்றொரு தமிழ்ப்பிள்ளை வெண்பனி பூத்திருந்த குழாயை வெறுங்கையால் பற்றினான். குளிர்தானே, சுடவா போகிறது என்று எண்ணியிருக்கிறான். கையை எடுத்தபோது தோல் குழாயோடு நின்றுவிட்டது. அதன் பின்னரே என் மாணவன் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, கிரையோஜெனிக் என்று பலகையில் போட்டிருக்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?” என்று கேட்டான். கடுங்குளிர் என்றேன். “தொட்டால் தோலுரியும் கடுங்குளிர்” என்று மூன்று தமிழ்ச் சொற்களை அப்பலகையில் எழுத எத்துணைச் செலவாகும்? அரைப் படி வண்ணம் போதாதா?

தனித்தமிழ் என்பது புலவர் சிலரின் பொழுதுபோக்கு என்று நகைப்பவர்களிடம் அந்தக் கையைத்தான் நான் காட்ட விரும்புகின்றேன்.

“இவையெல்லாம் புதுப் பொருள்கள், தமிழில் சொல் இல்லை, ஆங்கிலத்தை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?” என்று கற்றறிந்தவரே பேசுகின்றனர். சரி, அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போமா? பங்கர் என்பது பெட்டி, இருக்கை என்று பொருள்பட்ட ஒரு நாட்டுப்புறச் சொல். நீராவிக் கப்பல் வந்தபோது கரி கொட்டிவைக்கும் அறைக்கு அப்பெயரை இட்டனர். கரி போய் எண்ணெய் வந்தது, பெயரை மாற்றவில்லை. எண்ணெய் இருக்கவே எரிவளியும் வந்தது, அப்பொழுதும் மாற்றவில்லை. ஆக, ஆங்கிலவன் தன் வீட்டுக் கரிப்பெட்டியின் பெயரைக்கொண்டே மூன்று எரிபொருட் காலங்களை ஓட்டிவிட்டான். அவன் எவரிடமும் போய், “என் மொழியில் சொல் இல்லையே” என்று கையேந்தி நிற்கவில்லை. தன் வாயிலிருந்த பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்கு நீட்டினான், அவ்வளவே. நமக்கு மட்டும் அவ்வுரிமை இல்லையோ?

கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, ஓடம், திமில், பஃறி, புணை என்று நீரில் மிதப்பனவற்றிற்கே இத்தனை பெயர் வைத்திருந்த இனம் நாம். நம் கட்டுமரத்தை ஆங்கிலவன் சொல்லோடு எடுத்துப்போய்த் தன் அகரமுதலியில் வைத்துக்கொண்டான். அவனுக்குச் சொற்கடன் கொடுத்தவன் இன்று அவன் வாயிலில் சொல்லுக்கு நிற்கின்றான்!

அதுவுமன்றி, இத்தொழிலே நமக்குப் புதிதன்று. தூத்துக்குடியின் பழைய துறை ஆழம் குறைந்தது. பெருங்கப்பல்கள் கரையை அணுகமாட்டாமல் கடலில் சில கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கை ஏற்றவும் இறக்கவும் தோணிகளே போய்வந்தன. 1974-இல் புதிய துறைமுகம் திறக்கப்படும்வரை அங்குப் பெரு வணிகம் அவ்வாறுதான் நடந்தது. ஆடும் கடலில் பெரிய கலத்தின் விலாவில் சிறிய கலத்தை அணைத்து, கயிறிட்டு, முட்டாமல் மோதாமல் பண்டம் மாற்றும் கலையை அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தனர். அதற்கு வேண்டிய சொற்களும் அவர்களிடம் இருந்தன. நம் அகரமுதலிகள் அச்சொற்களைத் தேடிக் கடற்கரைக்குப் போகவில்லை என்பதே குறை.

நம்மவர் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்க மாட்டேன். நான் அன்றிரவு அன்பர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டபோது, அவர் சற்றும் தயங்காமல் “எரியூட்டுக்கலம்” என்றார். எரியூட்டல் என்றால் தமிழ்நாட்டில் என்ன பொருள்? பிணத்திற்குத் தீ வைத்தலன்றோ? கப்பலுக்கு எரிவளி கொடுக்கப் போன கலத்தைக் கப்பலைக் கொளுத்தப் போன கலமாக்கிவிட்டார்! நாற்காலியில் சாய்ந்தபடி அரை நொடியில் ஆக்கும் இத்தகைய சொற்களே பகைவர் கையில் நாம் கொடுக்கும் தடி. சொல்லாக்கம் வேகப்போட்டி அன்று. மக்கள் வாயில் அச்சொல் முன்பே என்ன பொருளில் வழங்குகின்றது என்று கேளாமல் ஆக்கலாகாது.

நம் சிற்றூர்களில் கன்றைத் தாய்மடியில் பால் குடிக்க விடுதலை “ஊட்ட விடுதல்” என்பர். எந்த வீட்டுத் தொழுவத்திலும் இன்றும் கேட்கலாம். ஒரு கலம் மற்றொரு கலத்தின் விலாவில் அணைந்து தன் வயிற்றிலிருந்து அதன் வயிற்றிற்குத் தருவது ஊட்டுதலேயன்றி வேறென்ன? ஆகவே அது ஊட்டுக்கலம். எண்ணெய் தருவது எண்ணெய் ஊட்டுக்கலம். எரிவளி தருவது எரிவளி ஊட்டுக்கலம். உள்ளிருப்பது நீர்ம இயற்கை எரிவளி. எரி, வளி, ஊட்டு, கலம் ஆகிய நான்கும் பள்ளிப் பிள்ளை அறிந்த சொற்கள். பேருந்தும் மிதிவண்டியும் முதலில் நகைக்கப்பட்டவைதாமே? எரிவளி அடைத்த அந்த இரும்புக் கலத்தை உருளை என்று இன்று எழுதாத தமிழ் ஏடு உண்டா?

இதனை இன்றே செய்யவேண்டிய கட்டாயம் என்னவெனின், பொருள் வாயிலில் வந்து நிற்கின்றது. ஆண்டிற்கு 50 இலக்கம் டன் கொள்திறனுடைய எரிவளி முனையம் கொச்சியில் 2013-லும் எண்ணூரில் 2019-லும் வந்துவிட்டன. கொச்சி முனையம் நிற்கும் மண்ணின் பெயரைக் கேளுங்கள்: புதுவைப்பு. கடல் புதிதாய் வைத்த நிலம். மலையாள மக்கள் வாயில் இன்றும் நிற்கும் அப்பெயர் தமிழ்க் காதுக்கு உரை வேண்டாமலே விளங்குகின்றது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிவரை 143 கல்லாயிர மீட்டர் நீளமுள்ள எரிவளிக் குழாய் 2021-இல் நாட்டுக்களிக்கப்பட்டது. 2025-இல் அதே தூத்துக்குடித் துறைமுகத்தில், பச்சை மெத்தனால் என்னும் மற்றோர் எரிபொருளைக் கப்பல்களுக்கு ஊட்ட 750 கன மீட்டர் அளவில் முன்னோட்ட அமைப்பிற்கு அடிக்கல் நாட்டினர். தொழில் வந்துகொண்டே இருக்கின்றது. அது வரும்போதே பெயரும் வருகின்றது. நாம் பெயரிடாவிடில் தில்லி பெயரிடும்.

இட்டும் வருகின்றது! துறைமுகத் திட்டத்திற்கு 2015-இல் “சாகர்மாலா” என்றனர். பசுந்துறைமுக நெறிமுறைக்கு 2023-இல் “ஹரித் சாகர்” என்றனர். 2024-இல் உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கு “ஹரித் நௌகா” என்றனர். நௌகாவின் வேர் நாவாயினதா நாவாயின் வேர் நௌகாவினதா என்னும் பெருவழக்கை இன்று எடுக்கவில்லை. ஒன்றே கேட்கின்றேன்: தமிழன் கூலி செய்யும் துறையில், தமிழன் மீன் பிடிக்கும் கடலில் வரும் திட்டத்திற்கு அவன் வாயில் நுழையும் பெயர் ஒன்றுகூடவா அகப்படவில்லை?

சிங்கப்பூரைப் பாருங்கள். கப்பல்களுக்கு எரிபொருள் ஊட்டுவதில் உலகின் முதற்றுறை அதுவே. எரிவளி ஊட்டுதற்கென 7,500 கன மீட்டர் கலமொன்றை 2021-இல் அங்குப் பணியில் இறக்கினர். அந்நாட்டில் தமிழர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆயினும் ஆட்சிமொழி நான்கனுள் தமிழும் ஒன்று. இடர் உள்ள இடங்களில் நான்கு மொழியிலும் பலகை நிற்பதை அங்குப் போய்வந்தவர் கண்டிருப்பர். அங்கு இயலுவது இங்கு இயலாது என்பவர் அதற்குரிய கரணியத்தைச் சொல்லட்டும்; கேட்போம்.

தூத்துக்குடித் துறைமுகத்திற்கு 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயரை இட்டனர். இட்டது முறையே. ஆனால் அப்பெருமகனாரின் பாதியைத்தான் வாயிலில் எழுதியிருக்கின்றோம். 1906-இல் கப்பற் குழுமம் தொடங்கியவரும் அவரே. இளம்பூரணர் உரையோடு தொல்காப்பியத்தைப் பதிப்பித்தவரும் அவரே. கப்பலோட்டத் தமிழ் தடை என்றோ, தமிழ் கற்கக் கப்பல் தடை என்றோ அவர் எண்ணவில்லை. வடசொல்லைக் கொள்ள நேர்ந்தாலும் வடவெழுத்தைக் களைந்தே கொள்க என்று தொல்காப்பியர் நெறி வகுத்தார்; அவர்தம் நூலை அச்சேற்றிய கையே கப்பலுக்கும் பங்குத்தொகை திரட்டியது. அவர் பெயர் தாங்கிய துறையில் ஊட்டுக்கலம் என்று ஒரு பலகை, கடுங்குளிர் என்று ஒரு பலகை, பயிற்சி நாளில் தமிழில் ஒரு கையேடு, கையெழுத்து வாங்கும் தாள் தமிழில். இவ்வளவே நாம் கேட்பது. தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் உள்ள அன்பர்கள் துறைமுகப் பொறுப்பாளர்க்கு இவற்றை எழுதி விடுக்க. தோணித் தொழிலில் முதிர்ந்த பெரியவர்களிடம் அமர்ந்து, கலம் அணைத்தல், கயிறு வீசுதல், பண்டம் மாற்றுதல் ஆகியவற்றிற்கு அவர்கள் வழங்கும் சொற்களைக் குறித்து இவ்விதழுக்கும் அனுப்புக.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, “எரிவளி ஊட்டுக்கலம்” என்றேன். செய்தித்தாள் துண்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டான். இருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு, “ஐயா, இரண்டு கப்பலுக்கும் நடுவில் தொங்கவிடும் அந்த மெத்தைக்கு?” என்று கேட்டான். தூத்துக்குடியில் தோணிக்காரரைக் கேட்டு வந்து சொல்கிறேன் என்று கூறியிருக்கின்றேன். வரும் காரிக்கிழமை புறப்படுகின்றேன்.