வாசலில் தடுத்தோம், கல்லாவில் நுழைந்தான்!

வணிகப் பெருமக்களே! 2012 செப்டம்பர் 20 நினைவிருக்கிறதா? சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடா என்று கொதித்து, நாடு முழுவதும் கடையடைத்தார்கள் வணிகர்கள். வால்மார்ட் வந்தால் நம் கடைகள் மூடும் என்று அன்று அஞ்சினோம்.

இன்று சிதம்பரம் மேலவீதியிலும் பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவிலும் போய்ப் பாருங்கள். தள்ளுபடித் துணிக்கடை முதல் டீக்கடை வரை, கல்லாவருகே போன்பே அட்டை! அது யாருடையது? 1962இல் அமெரிக்காவில் தள்ளுபடிக் கடையாகத் தொடங்கிய அதே வால்மார்ட்டுக்குத்தான் அதில் பெரும்பங்கு! 2018இல் பிளிப்கார்ட்டை வாங்கியபோது, கூடவே போன்பேயும் அதன் கைக்குப் போனது.

அடுத்த அட்டை கூகுள் பே. யுபிஐ பரிவர்த்தனையில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு இவ்விரண்டின் வழியாகவே நடக்கிறது. ஒரு செயலிக்கு 30 சதவிகிதமே உச்சவரம்பு என்று 2020இல் அறிவித்தார்கள். கெடுவோ 2026 டிசம்பர் வரை தள்ளிப்போனது!

"கட்டணம் இல்லையே" என்பீர்கள். ஆம், வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு 2020 முதல் வணிகரிடம் கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் அன்றாட வரவு அவன் கணினியில் ஏறுகிறதே! யாருக்குக் கடன் விற்கலாம், காப்பீடு விற்கலாம் என்று கணக்குப் போட அது போதாதா?

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. யுபிஐ நம் நாட்டில் 2016இல் பிறந்தது. அதை நடத்தும் தேசியக் கழகத்தின் சொந்தச் செயலி பீம். உங்கள் வங்கியிடமே கியூஆர் அட்டை கேளுங்கள். எந்தச் செயலி வைத்திருப்பவரும் அதில் பணம் செலுத்தலாம். ஒரு வாடிக்கையாளரும் குறையமாட்டார்.

இளைஞர்களே! உங்கள் தந்தையின் கல்லாவில் ஒட்டியிருப்பது யார் அட்டை? இன்றே பாருங்கள். சிந்திப்பீர்! செயல்படுவீர்!