உள்ளூர் எழுத்தாளர் வாசிக்கட்டும், நாம கேட்போம்

1/
உங்க ஊர் கிளை நூலகத்துல "உள்ளூர் எழுத்தாளர்கள் படைப்பு வாசிப்பு, மாலை 6 மணி"ன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தா என்ன பண்ணுவீங்க? நம்மில் பலரும் பார்த்துட்டு நடையைக் கட்டிடுவோம். "நம்ம ஊர்க்காரர்தானே, பிறகு பார்த்துக்கலாம்."

ஒரு மருத்துவரா நான் சொல்றேன்: போங்க. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்க. கூட்டம் நடத்துறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கு: எழுதினவங்களை வாசிக்க விடுங்க.

ஏன்னு இந்த இழையில பார்ப்போம்.

2/
அங்கே வர்றவங்க யாரு? ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், சத்துணவு அமைப்பாளர், தறி ஓட்டுறவர், தமிழ் டீச்சர், காலேஜ் படிக்கிற பொண்ணு. வேலையெல்லாம் முடிச்சு, வீடு தூங்கின பிறகு எழுதினவங்க.

சொந்தக் காசு போட்டு 200, 300 பிரதி அச்சடிச்சு, தெரிஞ்சவங்களுக்கு சும்மா கொடுத்துட்டு, மீதியைக் கட்டுப் பிரிக்காம பரண்ல வச்சிருக்கிறவங்களும் இதுல உண்டு.

3/
இப்போ நம்ம ஊர் இலக்கியக் கூட்டத்தோட அழைப்பிதழை எடுத்துப் பாருங்க. வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, சிறப்புரை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ.

எழுதினவருக்கு? கடைசியா "ஏற்புரை". 3 நிமிஷம். அதுவும் எல்லாருக்கும் நன்றி சொல்றதுலயே தீர்ந்துடும். அவர் எழுதின ஒரு பக்கம்கூட அந்த மண்டபத்துல யார் காதுலயும் விழுந்திருக்காது.

4/
ஓபியில இப்படி நடக்கிறதை எல்லா டாக்டரும் பார்த்திருப்போம். கூட வந்த மகன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் பேசுவாங்க. வலி யாருக்கோ அவங்க வாயைத் திறக்கவே முடியாது.

அப்போ டாக்டர் என்ன சொல்வார்? "கொஞ்சம் இருங்க, அம்மா சொல்லட்டும்."

இலக்கியக் கூட்டத்துலயும் யாராவது ஒருத்தர் எழுந்து இதைச் சொல்லணும்.

5/
"கதை, கவிதைக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பீங்க. இருக்கு.

தென் மாவட்டங்கள்ல "மேலுக்கு முடியல"ன்னு சொன்னா உடம்புக்குச் சுகமில்லைன்னு அர்த்தம். வேற மாவட்டத்துல இருந்து புதுசா வந்த டாக்டர் "மேலே எங்கம்மா வலிக்குது?"ன்னு கேட்க வாய்ப்பிருக்கு. "முழுகாம இருக்கா"ன்னா கர்ப்பம். "கால் உளைச்சல்" வேற, "காந்தல்" வேற, "குடைச்சல்" வேற.

எங்க பாடப் புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கு. இந்த வார்த்தை எதுவும் அதுல கிடையாது. ஜனங்க வாயில இருக்கு, அந்த ஊர்ல எழுதுறவங்க நோட்டுல இருக்கு.

6/
நோயாளி சொல்ற கதையைக் கவனமா கேட்கிறதை மருத்துவப் பயிற்சியாகவே கற்றுத்தர்றாங்க. அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ரீட்டா சாரோன் இதுக்கு "நேரட்டிவ் மெடிசின்"னு பேர் வச்சாங்க. மருத்துவ மாணவர்கள் இலக்கியம் படிச்சு, கேட்டு, எழுதிப் பழகுவாங்க.

நமக்கு அந்தப் பயிற்சி கிளை நூலகத்துலயே கிடைக்கும், ஃபீஸ் இல்லாம.

7/
கோவில்பட்டி பக்கம் இடைசெவல்னு ஒரு சின்ன கிராமம். அங்கே பிறந்த ரெண்டு நண்பர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். ரெண்டு பேருக்குமே சாகித்ய அகாதமி விருது, 1970ல ஒருத்தருக்கு, 1991ல இன்னொருத்தருக்கு. கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி கி.ரா. ஒரு அகராதியே போட்டார்.

ஒரு காலத்துல அவங்களும் யாரோ ஒரு ஊரோட "உள்ளூர் எழுத்தாளர்"தான். இதை மறந்துடக் கூடாது.

8/
அடுத்தது தனிமை. உலக சுகாதார நிறுவனம் 2025ல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. உலகத்துல 6 பேர்ல ஒருத்தர் தனிமையால பாதிக்கப்படுறார். வருஷத்துக்கு 8,71,000 மரணங்களுக்கு அதோட தொடர்பு இருக்குன்னு கணக்கிட்டிருக்காங்க.

பிள்ளைங்க வெளியூர்ல, துணை போயாச்சு, வீட்ல டிவி மட்டும் பேசுது. அப்படி இருக்கிறவங்க உங்க தெருவுலயே இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு டீ, "அடுத்த மாசமும் வாங்க"ன்னு ஒரு குரல். இந்தக் கூட்டம் அதைக் கொடுக்கும்.

9/
கதை கேட்டா சுகர் குறையும், பிபி இறங்கும்னு நான் சொல்ல வரல. மாத்திரையை நிறுத்திடாதீங்க மக்களே!

மனுஷனுக்கு மனுஷன் தேவை. அவ்வளவுதான் சொல்றேன்.

10/
"எல்லாம் சரி டாக்டர், தரம் இருக்காதே?"

சிலது சுமாராத்தான் இருக்கும். உரக்க வாசிச்சாதான் அது எழுதினவருக்கே தெரியும். எந்த வரியில சபை அமைதியாச்சு, எந்த வரியில போனை எடுத்தாங்கன்னு கண் முன்னாடி பார்ப்பார். பொன்னாடை போட்டு "அருமை"ன்னு அனுப்பி வச்சா, அடுத்த புத்தகமும் அப்படியேதான் வரும்.

11/
இடத்துக்கு எங்கே போறது? இருக்கவே இருக்கு நூலகம். சுதந்திர இந்தியாவோட முதல் பொது நூலகச் சட்டம் 1948ல சென்னை மாகாணத்துலதான் வந்துச்சு. அதுக்குப் பின்னால இருந்தவர் சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன்.

சொத்து வரியோட சேர்த்து நூலக வரியும் கட்டுறோம். அந்தக் கூடம் நம்ம காசு. பூட்டி வைக்கவா?

12/
சரி, என்னோட மருந்துச் சீட்டு இதோ:

▪️ 5 பேர், ஆளுக்கு 10 நிமிஷம். சொந்தப் படைப்பை வாசிக்கணும். மத்த உரையெல்லாம் சேர்த்தே 5 நிமிஷம்.

▪️ பொன்னாடை வேண்டாம். அந்தக் காசுல அவர் புத்தகத்தை வாங்குங்க.

▪️ கேட்டவங்க ஒரு வாக்கியம் சொல்லணும்: எந்த இடம் மனசுல நின்னுச்சு, எங்கே கவனம் சிதறுச்சு.

▪️ முன்வரிசை விஐபிக்கு இல்ல, காது மந்தமானவங்களுக்கு.

▪️ 6 மணிக்கு ஆரம்பிச்சு 7.30க்கு முடிச்சுடுங்க. சுகர் மாத்திரை போடுறவங்க நேரத்துக்குச் சாப்பிடணும். கடைசி டவுன் பஸ்ஸும் போயிடக் கூடாது.

▪️ உங்க வீட்ல எழுதுற பெண் இருந்தா, அன்னைக்கு ராத்திரி சமையல் உங்க பொறுப்பு.

13/
இந்த வாரம் உங்க ஊர் நூலகத்துக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வாசகர் வட்டம் இருக்கா? அடுத்த கூட்டம் எப்போ?" இல்லைன்னு சொன்னா, நாலு பேர் சேர்ந்து நூலகர்கிட்ட பேசுங்க.

உங்க ஊர்ல எழுதுற ஒருத்தரோட புத்தகத்தின் பெயரை கமெண்ட்ல போடுங்க. வாங்கிப் படிப்போம்.